ஐஸ்காரன் தோற்ற குளம்

ஐஸைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க, ஒலுவிலில் இருந்து மருதமுனை வரைக்கும் ஒரு ஆள் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பெருமைதான். எழுத்துக் கூட்டி வாசிக்கிற அளவோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி, மணி அடித்து, குச்சியில் செருகிய ஐஸ்பழம் விற்றேன். பிறகு அந்த ஐஸ்பழத்தை நானே செய்தேன். பிறகு கட்டி ஐஸ். இன்று எங்கள் கரையில் ஆழ்கடலுக்குப் போகிற போட்டுகளில் பாதி, என்னுடைய பெக்டரி ஐஸை ஏற்றாமல் போவதில்லை. இதை எழுதுவதும் நானேதான். திருத்தித் தருகிறேன் என்று ஒரு மாஸ்டர் வந்தார். "புள்ளியை மட்டும் பாருங்க மாஸ்டர், சொல்லுல கை வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டேன்.

இப்படிப்பட்ட நான், போன மாரியில் ஒரு ஐஸ் விஷயத்தில் தோற்றேன். என் மனைவியிடம் தோற்றேன். அவள் இருந்தது கனடாவில், நான் இருந்தது சாய்ந்தமருதில்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் வீட்டை விட்டுப் போவான். பெண் போக மாட்டாள். வாப்பா மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பார், மருமகன் வந்து குடியேறுவார். உம்மாவும் மகளும் ஒரே வளவுக்குள், ஒருத்தி கறியை மற்றவள் ருசி பார்த்துக்கொண்டு, மௌத்தாகிக் கண் மூடும் வரைக்கும் இருப்பார்கள். நான் இருக்கிற வீடே என் மனைவியின் வீடுதான். அதன் பக்கத்தில் எங்கள் ஒரே மகளுக்கு நான் மாடி வைத்துக் கட்டிய வீட்டைப் போல ஊரில் இன்னொன்று இருந்தால் காட்டுங்கள். கல்யாணம் முடித்து அதில் கொஞ்சக் காலம் இருந்தாள். பிறகு மருமகனுக்குக் கனடாவில் வேலை கிடைத்தது. இருவரும் போய்விட்டார்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது. வாடகைக்குக் கேட்டு எத்தனையோ பேர் வந்தார்கள். மனைவி விடவே இல்லை.

"புள்ள வந்தா எங்க இரிக்கிற? ஒங்கட ஐஸ் பெக்டரியிலயா?" என்பாள்.

நான் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து அந்த வீட்டு ஜன்னல்களைத் திறந்துவிடுவேன். பொழுது படுகிற மஃரிபுக்கு முன் பூட்டிவிடுவேன். பூட்டிய வீட்டை உப்பு ஈரம் தின்றுவிடும், அதற்காகத்தான்.

மகளுக்குப் பிள்ளை கிடைக்கப் போகிறது என்றதும் மனைவி கனடாவுக்குப் புறப்பட்டாள். பிள்ளைப் பெறுகாரிக்குச் சரக்கு அரைத்துக் கறி ஆக்கிப் போட அங்கே யார் இருக்கிறார்கள்? மிளகும் மஞ்சளும் உள்ளியும் கட்டிக்கொண்டு போனாள். பிள்ளை கிடைத்து நாற்பது நாள் முடிந்ததும் வருகிறேன் என்றாள். நாற்பது முடிந்தது. வரவில்லை. இன்னும் கொஞ்சம் நிற்கிறேன் என்றாள். நோன்பு நெருங்கிக்கொண்டிருந்தது. நானும் ஒரு நாளைக்கு எத்தனை தரம் பெக்டரிக்கும் வீட்டுக்குமாக நடந்தேன் என்று தெரியாது. உட்கார்ந்தால் எழும்பத் தோன்றும். எழும்பினால் எதற்கு எழும்பினேன் என்று தெரியாது.

மருமகன் அங்கே வாங்கிய வீட்டின் பின்புறத்தில், முந்தி இருந்தவர்கள் வெட்டி விட்டுப்போன ஒரு சின்னக் குளம் இருந்தது. ஒரு ஆளின் நெஞ்சளவு ஆழம். அதற்குள் மஞ்சளும் சிவப்புமாக மீன்கள். மனைவி போன புதிதில் தினமும் அவற்றுக்குச் சோறு போட்டாள். இலை கொட்டி முடிந்ததும் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி வேலிக்கு மேலால் சத்தம் போட்டிருக்கிறாள்: இனித் தீன் போடக் கூடாது, குளிருக்குள் மீனின் வயிற்றில் சாப்பாடு செமிக்காது, பழுதாகிவிடும் என்று. மகள்தான் மொழிபெயர்த்துச் சொன்னாளாம். மனைவிக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது.

ஒரு நாள் மஃரிப் தொழுதுவிட்டுப் போன் எடுத்தேன். அங்கே அப்போது காலை.

"இஞ்ச பாருங்க, குளம் மூடிட்டு" என்றாள்.

"என்ன மூடின?"

"ஐஸ் மூடிட்டு. கண்ணாடி வெச்ச மாதிரி. மீன் எல்லாம் உள்ளுக்குள்ள இரிக்கி."

"இரிக்காது. செத்திருக்கும்."

"நீங்க கண்டீங்களா?"

"நான் காணாத ஐஸா?"

"இந்தக் கிழவி சொல்றா, சாகாதாம். அடியில போய் அசையாம கிடக்குமாம். ஆமை இரிக்கே, அதும் மாரி முழுக்கத் தண்ணிக்கடியில கிடக்குமாம். மூக்கால மூச்சு உடாதாம்."

"பின்ன?"

அங்கே ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள், "பின்பக்கத்தாலயாம்."

நான் போனை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தேன். அவள் விடவில்லை. அங்கே காட்டில் ஒரு தவளை இருக்கிறதாம். இலைக் குப்பைக்கு அடியில் கல் மாதிரி உறைந்து போகுமாம். தட்டினால் டொக்கென்று சத்தம் கேட்குமாம். இருதயமும் நின்றுவிடுமாம். வெயில் வந்ததும் இளகி, குதித்துப் போகுமாம்.

மறுநாள் தேத்தண்ணிக் கடையில் இதைச் சொன்னேன். என் கூட்டாளி ஒருவர், தலை நரைக்கும் வரைக்கும் போட்டை நடத்துகிற தண்டயலாக இருந்தவர், பிளேன்டீயைக் கீழே வைத்தார்.

"ஹாஜியார், பொண்டாட்டி இல்லாம தனியச் சாப்பிடுறதால வந்த வருத்தம் இது" என்றார். "என்ட போட்டுல ஐஸுக்குள்ள போட்ட மீன் ஒண்டாவது எழும்பி ஸலாம் சொல்லியிருந்தா, நான் அப்பவே தொழில உட்டிருப்பன்."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்றிரவே போனில் அவள் திருப்பியும் அந்த மீன்களைப் பற்றித்தான் கதைத்தாள். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"நோன்புக்கு வருவியா, மாட்டியா? அதச் சொல்லு."

"ஐஸ் உருகட்டும். அதுகளப் பாத்திட்டு வாறன்."

"அது உருக நோன்பும் முடிஞ்சி பெருநாளும் போயிடும். அதுகள் மௌத்து. எழுதி வெச்சிக்க."

"ஹயாத்தோட இரிந்தா?"

பந்தயம் கட்டுவது எங்கள் மார்க்கத்தில் கூடாது. ஆகவே அதை ஒரு பேச்சு என்று வைத்துக்கொள்வோம். "ஒண்டே ஒண்டு உயிரோட இரிந்தாலும் நீ விரும்பின மட்டும் நில்லு, நான் வாய் துறக்க மாட்டன். செத்திருந்தா அடுத்த பிளேனில ஏறோணும்" என்றேன்.

"சரி" என்றாள். இரண்டாவது சொல் சொல்லவில்லை. அவள் அவ்வளவு லேசாகச் சரி சொல்கிறவள் இல்லை. அதுவே எனக்கு நெஞ்சுக்குள் முள் மாதிரி இருந்தது.

கோடை வரைக்கும் பொறுக்க என்னால் ஏலாது. ஆகவே ஊரிலேயே வைத்து நிரூபிக்க நினைத்தேன். நாவிதன்வெளிப் பக்கமிருந்து குளத்து மீன் கொண்டு வருகிற ஒருவரிடம், உயிரோடு ஒரு விரால் வேண்டும் என்றேன். வாளித் தண்ணீருக்குள் நல்ல கொழுத்த விரால் ஒன்று கொண்டுவந்தார்.

எங்கள் பெக்டரியில் ஐஸ் செய்கிற விதம் இதுதான். நல்ல தண்ணீரை நீளமான தகரப் பெட்டிகளில் நிறைத்து, பெரிய தொட்டியில் இருக்கிற உப்புத் தண்ணீருக்குள் இறக்குவோம். மிசின் அந்த உப்புத் தண்ணீரைக் குளிராக்கிக்கொண்டே இருக்கும். உப்புப் போட்ட தண்ணீர் அந்தக் குளிருக்குக் கட்டியாகாது. பெட்டிக்குள் இருக்கிற நல்ல தண்ணீர்தான் கட்டியாகும். விராலைப் பெட்டிக்குள் விட்டு இறக்கச் சொன்னேன். மறுநாள் எடுத்தபோது கண்ணாடிக்குள் வைத்த மாதிரி, வாயைத் திறந்தபடி மீன் இருந்தது. வெயிலில் வைத்து உருக்கினோம். எழும்பவில்லை. படம் பிடித்து மனைவிக்கு அனுப்பினேன். வேலையாட்கள் அதைப் புளிவிட்டு ஆணம் வைத்தார்கள். எனக்கும் ஒரு கோப்பை வந்தது. நான் சாப்பிடவில்லை, பசி இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அவளிடமிருந்து குரல் செய்தி ஒன்று வந்தது.

"வாயில்லாச் சீவனப் புடிச்சி, ஐஸுக்குள்ள போட்டுச் சாவடிச்சி, அதுக்குப் படமும் எடுத்து அனுப்புறீங்க. நல்லாரிக்கி. அல்லாஹ்வுக்குப் பதில் சொல்லோணும். இனி எனக்குக் கோல் எடுக்க வேணாம்."

எடுத்தேன். மகள்தான் பேசினாள். "வாப்பா, உம்மா புள்ளையக் குளிப்பாட்டுறா." மறுநாள் எடுத்தேன். "உம்மா தொழுறா." அதற்கு அடுத்த நாள், "வாப்பா, ஒங்களுக்கு வேற மீன் கிடைக்கல்லயா?" என்றாள். பின்னால் மனைவியின் குரல் கேட்டது, என்ன சொன்னாள் என்று விளங்கவில்லை. மகள் சொல்லவும் இல்லை.

அந்தக் கிழமை மழையும் காற்றும். வயர் அறுந்து கரண்ட் போனது. ஜெனரேட்டரும் காலை வாரிவிட்டது. ஐஸ் பாதியில் நின்றுவிட்டது. என்ன நிலைமை என்று பார்க்க ஒரு பெட்டியைத் தூக்கச் சொன்னேன். சுற்றிவர வெள்ளைச் சுவர் மாதிரி ஐஸ், நடுவில் தண்ணீர். இதைப் பச்சைக் கட்டி என்போம், போட்டுக்காரர்கள் வாங்க மாட்டார்கள். என் காலத்தில் எத்தனையோ பச்சைக் கட்டியைத் திட்டிக்கொண்டே ஊற்றியிருக்கிறேன். அன்றைக்கு என்னவோ கையை உள்ளே விட்டேன். முழங்கை வரைக்கும் போனது. தண்ணீர் குளிர்தான், ஆனால் தண்ணீர்.

அப்படியே கையை வைத்துக்கொண்டு நின்றேன். என் பெட்டிக்கு நாலு பக்கத்தாலும் அடியாலும் குளிர் அடிக்கிறது. விரால் எங்கே ஓடும்? கனடாக் குளத்துக்கு யார் அடியில் உப்புத் தண்ணீர் வைத்தார்கள்? அதற்குச் சுற்றிவர மண், அடியிலும் மண். குளிர் வருவது மேலால் மட்டும். ஐஸ் அடியில் இறங்காது, மிதக்கும். மேலே மூடி மாதிரி நிற்கும். ஐஸ் உருகாமல் இருக்க நாங்கள் நெல் ஆலையில் உமி வாங்கி வந்து மேலே கொட்டுகிறோம். உமி வெயிலை உள்ளே விடாது. அந்த மாதிரி அந்த ஐஸ் மூடி குளிரை உள்ளே விடாது என்றால்?

அந்தத் தவளையும் ஞாபகம் வந்தது. ஐஸ்பழம் செய்த காலத்தில் சீனி கூடப் போட்டால் பழம் இறுகாது. பல்லுக்கு இதமாக இருக்கும். சீனியைக் குறைத்தால் கல். தவளை தன் இரத்தத்துக்குள் சீனியை ஏற்றிக்கொள்ளும் என்று மகள் ஒரு முறை சொன்னாள். நான் அதற்கும் சிரித்திருந்தேன். வெளியே கல்லாகக் கிடந்தாலும் உள்ளுக்குள் பழுதாகாமல் சீனி பார்த்துக்கொள்ளுமாம். சீனி செய்கிற வேலையை என்னைவிட யார் கண்டது?

ஐஸ்காரன் நான் தோற்கப்போகிறேன் என்று அந்தப் பெட்டிக்கு முன்னால்தான் தெரிந்தது. ஆனால் தெரிவதும் ஒப்புக்கொள்வதும் ஒன்றல்ல. முடிவு எதுவானாலும் உடனே தெரிய வேண்டும் என்று ஒரு அவதி. மருமகனுக்குப் போன் எடுத்தேன்.

"மருமகன், ஒரு அலவாங்கு எடுத்து அந்த ஐஸுல நாலு போடு போடுங்க. ஒரு மூலையில இருந்து தொடங்கோணும், நான் சொல்லித் தாறன். அடிச்ச உடனே பிளந்திடும்."

அலவாங்கு என்கிற கடப்பாரையால் நாங்கள் ஐஸ் கட்டியை அப்படித்தான் உடைப்போம். என்னைப் போல ஒரே அடியில் நேராகப் பிளக்கிறவன் இந்தக் கரையில் இல்லை. மருமகன் மரியாதையான பிள்ளை. மாமா சொன்னால் மறுக்க மாட்டார். ஒரு இரும்புக் கம்பியைத் தேடி எடுத்துக்கொண்டு போய், ஒரு அடி அடித்தாராம். பக்கத்து வீட்டுக் கிழவி குளிர்ச் சட்டைகூடப் போடாமல் ஓடி வந்திருக்கிறாள். அந்தச் சத்தம் தண்ணீருக்குள் இடி மாதிரி இறங்குமாம். அசையக்கூடச் சக்தியில்லாமல் கிடக்கிற மீன்கள் அந்த அதிர்ச்சியிலேயே செத்துப்போகுமாம். குளிர் கொல்லாத மீனை நீ கொல்லப் பார்க்கிறாயா என்று கேட்டாளாம். மருமகன் கம்பியோடு நின்றிருக்கிறார், பாவம். யார் சொல்லி அடித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அந்த ஒரு குணத்துக்காகவே அவருக்கு இன்னொரு வீடு கட்டிக் கொடுக்கலாம்.

கிழவி வழியும் சொல்லியிருக்கிறாள். ஒரு பானையில் கொதிதண்ணீர் ஊற்றி ஐஸின் மேல் வைக்க வேண்டும். அது தன் பாட்டில் உருக்கி ஒரு ஓட்டை போடும்.

அடுத்த நாள் பள்ளிவாசலில் மஃரிப் தொழுதுவிட்டு வெளியில் வர, போன் அடித்தது. மனைவி. அத்தனை நாளுக்குப் பிறகு. படத்தோடு வந்தாள். மகளின் தடித்த சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை, தலையில் முக்காட்டுக்கு மேல் கம்பளித் தொப்பி. மூக்கு மட்டும்தான் என் மனைவியுடையது.

"நீங்கதானே அடிக்கச் சொன்ன?" என்றாள்.

"ஆரு சொன்ன?"

"ஐஸ அலவாங்கால அடிக்க ஒங்கள உட்டா வேற ஆரு நினைப்பா?"

போனைத் திருப்பினாள். வெள்ளையாகப் பனி, நடுவில் எங்கள் ஊரிலிருந்து அவள் சுமந்துகொண்டு போன சோற்றுப் பானை. மருமகன் அதைத் தூக்கினார். கீழே வட்டமாக ஒரு ஓட்டை, கறுப்புத் தண்ணீர். மகள் டோர்ச் அடித்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு நெஞ்சு அடித்த அடி பள்ளிவாசல் வாசலில் நின்றவர்களுக்குக் கேட்டிருக்கும். செத்திருந்தால் அவள் வருவாள். உயிரோடிருந்தால் நிற்பாள். நான் என்ன துஆ கேட்க வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை.

பிறகு அடியில் மஞ்சளாக ஒன்று தெரிந்தது. அதன் பக்கத்தில் சிவப்பு. இன்னும் சில. எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு, சேற்றுக்கு மேல் தொழுகை வரிசை மாதிரி, ஒன்றையொன்று ஒட்டி நின்றன. அசைவே இல்லை.

"செத்திட்டு" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"பொறுங்க."

ஒரு செவிள் திறந்து மூடியது. நான் மூச்சை விட்டு, இழுத்து, விட்டேன். இன்னும் ஒரு தரம் இழுத்தேன். அப்போதுதான் அந்தச் செவிள் மறுபடி திறந்தது.

"கண்டீங்களா?"

"ஓம். கண்டன்."

பள்ளிவாசல் மதிலில் சாய்ந்துகொண்டேன். சொன்ன சொல் மாறாதவன் என்று ஊரில் எனக்குப் பேர். "நீ நில்லு" என்றேன். "பெருநாளைக்கும் நில்லு. நான் வாய் துறக்க மாட்டன்."

அவள் போனைத் தன் பக்கம் திருப்பினாள். அழுதாளா, குளிருக்குக் கண்ணில் தண்ணீர் வந்ததா, தெரியாது.

"நான் வாறன்" என்றாள். "நோன்புக்கு முந்தி வாறன். டிக்கட்டப் பாக்கச் சொல்லுங்க."

"நீதானே வெண்ட?"

"அதாலதான் வாறன். அதுகள் செத்திருந்தா நான் வந்திருக்க மாட்டன். நீங்க என்ன பேச்சுப் பேசியிருந்தாலும் வந்திருக்க மாட்டன். இந்தக் குளிருக்குள்ள புள்ளையையும் அவள்ற புள்ளையையும் உட்டிட்டு எப்பிடி வாற?" மூக்கைத் துடைத்தாள். "அதுகளுக்கு நான் போட்ட சோறும் தேவல்ல, ஒண்டும் தேவல்ல. மெதுவா, மெதுவா மூச்சு உட்டுக்கிட்டு, ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கிட்டு இரிக்கிதுகள். நம்மட புள்ளைகளும் அப்பிடி இரிக்கும்."

"குளிருக்குள்ள நிக்காம உள்ளுக்குப் போ" என்றேன்.

"இன்னொண்டு" என்றாள். "அவள்ற வீட்ட ஆருக்கும் இரிக்கக் குடுங்க. சும்மா பூட்டி வெச்சிரிக்க வேணாம். அவள் வரமாட்டாள்."

சொன்னபடி நோன்புக்கு முன் வந்து சேர்ந்தாள். வந்த அன்றைக்கே கஞ்சிக்கு அரிசி புடைத்தாள். தேத்தண்ணிக் கடையில் இப்போது நான்தான் இந்த விஷயத்துக்கு ஆள். மீன் ஏன் சாகாது, தவளைக்குச் சீனி எதற்கு, ஆமை எதால் மூச்சு விடும் எல்லாம் சொல்லிக் கொடுக்கிறேன். பழைய தண்டயல் மட்டும், "பின்பக்கத்தால" என்கிற இடம் வந்தால் எழும்பிப் போய்விடுவார். மனைவி மஃரிபுக்குப் பிறகு போனை எடுத்து, ஐஸ் உருகிவிட்டதா என்று மகளிடம் கேட்கிறாள். நான் பக்கத்துக் கதிரையில் பேப்பர் பார்க்கிற மாதிரி இருக்கிறேன். உருகிவிட்டதாம். மீன்கள் மேலே வந்துவிட்டனவாம். இனித் தீன் போடலாமாம்.

வீட்டுக்கு ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். பொய் இல்லை, பார்க்கிறேன். ஒரு பேங்க் மனேஜர் வந்தார். கம்பஸில் படிப்பிக்கிற ஒரு ஜோடி வந்தது. அஸருக்குப் பிறகு ஜன்னல்கள் திறந்திருக்கிற நேரம் கூட்டிக்கொண்டு போய், கதவு என்ன மரம், மாடிப்படிக்கு யார் கல் வைத்தது எல்லாம் காட்டுவேன். நல்ல மனிதர்கள்தான். ஆனால் நான் கட்டிய வீட்டுக்குத் தோதான ஆளாக ஒருவரும் இன்னும் வரவில்லை.